களைக்கு அடித்த மருந்து

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அம்மா திரௌபதி,

ஓசூரில் நீயும் உன் அண்ணன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். எழுதுவது உன் மாமா பரசுராமன். யாரையும் வைத்து எழுதவில்லை, நானே எழுதுகிறேன். அறுபத்தெட்டு வயதில் எழுத்து வந்துவிட்டது. ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆகிறது, ஆகட்டும்.

உன் அத்தை பொன்னி போன பிறகு கடலை போடும் கொல்லையில் கால் வைக்கப் பிடிக்கவில்லை. ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வாட்ச்மேனாக இருக்கிறேன். சாயங்காலம் சிந்துஜா டீச்சர் பெரியவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த நாளிலிருந்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ் போர்டு, கடைப் பலகை, சுவரில் ஒட்டிய கல்யாண நோட்டீஸ், எதையும் விடுவதில்லை. "பெரியவரே, ஏறுறதுன்னா ஏறு, படிக்கிறதுன்னா லைப்ரரிக்குப் போ" என்று ஒரு கண்டக்டர் திட்டினார். அதற்கும் சிரித்தேன்.

போன வாரம் ஊருக்குப் போனேன். மோட்டார் கொட்டகைக் கூரையில் போன வருஷத்து மருந்து டப்பா செருகியபடியே இருந்தது. அதிலும் எழுத்து இருக்கிறதே என்று ஆசையாக எடுத்துத் துடைத்தேன். கட்டுப்படும் களைகள் என்று போட்டு, கீழே பெயர்கள். விரல் வைத்துக் கூட்டினேன். குப்பைக்கீரை. பண்ணைக்கீரை. சாரணை. களை என்று போட்டதெல்லாம் கீரை.

எனக்கு விதைத்தது பயிர், தானாக முளைத்தது களை. களை எடுப்பது பெண்கள் வேலை. எதை எறிகிறார்கள், எதை மடியில் கட்டுகிறார்கள் என்று ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. கீரை என்றால் உன் அத்தை கிணற்றடியில் பாத்தி கட்டி வளர்த்தது மட்டும்தான் எனக்கு. கடலை விதைக்கும் முன் கொல்லைக்கு விடிகாலையில் மருந்து அடித்த அன்று அவளிடம் சொல்லவில்லை. களைக்கு அடிப்பதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று ஸ்ப்ரேயரைத் திருப்பிக் கொடுக்கக் கீழ்பென்னாத்தூர் போய்விட்டேன். அவள் அந்த ஈரத்தைப் பனி என்று நினைத்து அந்தக் கீரைகளைப் பறித்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். கீரையும் நீ வைத்த மீன் குழம்பும் என்றேன். கீரைக்கு மருந்து ஏதாவது அடித்தீர்களா என்று கேட்டார். "கீரைக்கு ஒண்ணும் அடிக்கலைங்க, களைக்குத்தான் அடிச்சேன்" என்றேன். களை வேறு எங்கோ இருப்பது போலச் சொன்னேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

நீ வராந்தாவில் சொன்னாய். "அத்தை கொல்லையிலதான் பறிச்சாங்க மாமா" என்றாய். "கொல்லையில கீரை எங்க இருக்கு, வாயை மூடு" என்றேன். உனக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அவள் பதினொரு நாள் கிடந்து போனாள்.

பிறகு ஊருக்குப் பழி போட உன் குழம்புதான் மிச்சம். கருமாதி அன்று எல்லோர் எதிரிலும் "நீ ஆக்குனதை அவளுக்குப் படைக்காதே" என்றேன். என் மகன் ராஜா உன் புருஷனாக இருந்தும் தலை குனிந்து நின்றான். நீ இலையை மடித்து வைத்துவிட்டு பஸ் ஏறினாய்.

நேற்று ராஜாவுக்கு டப்பாவைப் படித்துக் காட்டினேன். திக்கித் திக்கித்தான் படித்தேன், ஆனால் விடாமல் படித்தேன். அவன் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனான். எந்த முகத்தோடு வருவது என்று திரும்பிவிட்டான். அவனை மன்னிப்பது உன் விருப்பம். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

இந்தக் காகிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல். உன்னைப் பற்றி யார் பேசினாலும் எடுத்துக் காட்டு. பொன்னி செத்தது என்னால். அடியில் இருப்பது கைநாட்டு இல்லை, கையெழுத்து. நான் எழுதவில்லை என்று நாளைக்கு நானே சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நிமிர்ந்து நட அம்மா. நன்றாக இரு.

உன் மாமா,
கோ. பரசுராமன்