ஆறு இஞ்ச் போதும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன். ஷார்ஜாவில் வெயில்தான் அதிகம்.

நம் ஷெட்டில் இருக்கும் மில்லிங் மிஷினுக்கு ரோட்டரி டேபிள் பார்த்துவிட்டேன். கியருக்குப் பல் வெட்டும்போது இரும்பைத் தாங்கிச் சுழற்றும் வட்ட மேசை அது. "அப்பா ஆசப்பட்டாப்பல எட்டு இஞ்சே வாங்கு சாமி" என்று போனில் சொன்னீர்கள். ஆறு இஞ்ச் போதும் அம்மா.

போன வாரம் பட்டறையில் ஓர் எட்டு இஞ்ச் மேசையை நானும் ஒரு நேபாளக்காரரும் தூக்கினோம். பழக்கதோஷத்தில் பாரத்தை அவர் பக்கம் சாய்த்துவிட்டேன். அவருக்கென்ன தெரியும்? மேசை நழுவி என் விரல்மேல் விழுந்தது. நகம் மட்டும்தான் கறுத்தது, பயப்படாதீர்கள்.

எதைத் தூக்கினாலும் "பாரத்த எம்பக்கம் சாய்ச்சு வுடு" என்று அப்பா சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது.

அவர் போனதிலிருந்து ஷெட் பூட்டியே கிடக்கிறது. மிஷினில் துரு ஏறாமல் எண்ணெய் தடவி வையுங்கள். கொஞ்சம் கொள்ளுப்பொடியும் கொடுத்தனுப்புங்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ரஞ்சித்குமார் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டான், வண்டி நிற்கிறது. தை மாதம் வருகிறேன். ஆறு இஞ்ச் என்றால் நான் ஒருத்தனே தூக்கி வைத்துவிடலாம்.

உங்கள் மகன்,
சரத்