நீர்க்கெட்டும் இரண்டு டம்ளர் தண்ணீரும்

8.7. செவ்வாய்
விடியலிலிருந்து மழை. சூரியநெல்லியில் எதிர் லயத்து வீடுகள்கூடத் தெரியவில்லை. தேயிலைக்கு மருந்தடிப்பு வேலை இல்லை. நல்லதாய்ப் போயிற்று, மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

பவி, ஏழு வயது. இரண்டு காலிலும் நாவல்பழச் சாறு தெறித்த மாதிரி புள்ளி. கணுக்கால் வீக்கம். வயிற்று வலி. அட்டைக்கடி என்று இரண்டு நாள் புகையிலை தேய்த்தவன் நான். பெரிய வைத்தியர்.

டாக்டரம்மா மலையாளம். வேகமாகப் பேசினார். நானும் வேகமாகத் தலையாட்டினேன். ரத்தக்குழலில் நீர்க்கெட்டாம். தினம் பார்த்து எழுதணும், சிறுநீர் சிவந்தால் உடனே வரணும். அதற்குத்தான் இந்த நோட்டு. மூன்றாங்கிளாஸ் கையெழுத்து, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நீர் கட்டியிருக்கிறது. அப்படியானால் தண்ணீரைக் குறைக்கணும். வீட்டுக்காரி செல்வியிடம் சொல்லிவிட்டேன்: ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர், அதோடு சரி.

பவிக்குப் புதுப் பெயர்: புள்ளிமான்.

9.7. புதன்
மழை விட்டு விட்டு. அரை நாள் வேலை. புள்ளி முட்டி வரை ஏறியாச்சு. கஞ்சி பாதி. ரேஷன் அரிசி வாங்கணும்.

எதனால் வந்தது? ஆளுக்கொன்று. செல்வி: கோயில் கொடையில் தின்ற சிவப்பு மிட்டாய். பக்கத்து வீட்டு மாரியக்கா: கண்ணேறு. சூப்பர்வைசர்: பூச்சிக்கடி. போன வாரம் தொண்டை வலித்துக் காய்ச்சல் வந்ததே, அதை யாரும் பேசவில்லை.

நான் நினைப்பதை யாரிடமும் சொல்லவில்லை. செடிக்குக் கொப்புள நோய் மருந்து அடித்துவிட்டு, அதே சட்டையோடு அவளைத் தோளில் தூக்கினேன். தேயிலையில் புள்ளி வந்தால் எதனால் என்று தெரியும், என்ன அடிக்கணும் என்றும் தெரியும்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுத்தான் டாக்டரிடம் காட்டணும்.

10.7. வியாழன்
தூறல். அரிசி வாங்கவில்லை.

புள்ளிமான் என்று கூப்பிட்டேன், பவி சிரிக்கவில்லை. உதடு காய்ந்து கிடக்கிறது. மத்தியானம் பார்த்தால் கூரைச் சொட்டில் கையை நீட்டி நக்குகிறாள். அதட்டினேன்.

"மானுக்கும் தாகம் எடுக்கும்லப்பா."

சிரித்தேன். பிறகு உட்கார முடியவில்லை.

மூன்று மணிக்குச் சிறுநீர் கொஞ்சூண்டு. பால் விடாத கட்டன்சாயா நிறம். சிவப்பா? செல்வி சிவப்பு என்கிறாள். நான் இல்லை என்கிறேன். ஜீப் சொல்லியாச்சு.

11.7. வெள்ளி
ஆஸ்பத்திரி. அதிசயமாக வெயில்.

நேற்று வராந்தாவில் நடந்தே செருப்பு தேய்ந்தது. நர்ஸ் போடிக்காரப் பெண், நம்ம தமிழ். சோதனை முடிந்து வந்து, ரத்தம் இல்லை, பிள்ளை தண்ணீரே குடிக்காத நிறம் என்றாள். நீர்க்கெட்டுக்காக நான்தான் குறைத்தேன் என்றேன், பெருமையாக.

"நீர்க்கெட்டுன்னா மலையாளத்துல வீக்கம்ணே. ரத்தக்குழாய் வீங்கியிருக்கு. தண்ணி என்ன பாவம் பண்ணுச்சு?"

செல்வி பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

நர்ஸ் நோட்டை வாங்கிப் படித்தாள். கிழிக்க மறந்த பக்கம். நேரே டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டு வந்தாள். பெரும்பாலும் சளி, தொண்டைக் காய்ச்சலுக்குப் பின்னால் வருமாம். கிருமியை அடிக்கக் கிளம்பின உடம்பின் காவல், ஆள் தெரியாமல் சொந்தக் குழாயையே அடிக்குமாம். ஏன் இந்தப் பிள்ளைக்கு என்றால் தெரியாதாம். சட்டைதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனாலும் குளித்துவிட்டுத் தூக்குங்கள் என்றாராம். இன்னும் பல மாதம் சிறுநீர் பார்க்கணும், சிறுநீரகம் கெடாமலிருக்க.

தெரியாது என்பதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

பவி மூன்று டம்ளர் குடித்தாள். நாலாவதைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அம்மா, நீர் கட்டுனது எனக்கில்ல. அப்பா கண்ணுல."

வெயில் கூசுகிறது என்றேன்.