இருபது அடியா, ஆறு மீட்டரா

என் வெட்டுக்கிளிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் அப்பாவின் முகம் ஒன்றைத் தவிர. அதுவும் இப்போது தேறி வருகிறது. போனில் சொல்லலாம் என்றால் அவர் காது என் தோளிலேயே தொங்குகிறது. அதனால்தான் அங்கே வரும் உன் தோழியின் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. எனக்குத் தையல்தான் நேராக வரும்.

முதல் நாள் நீ நீளம் தாண்டியதை வெளிநாட்டு சேனலில் பார்த்தோம். இருபது அடி என்றார்கள். வங்கி வேலையை உதறிவிட்டு நீ மணல் குழிக்குப் போனதிலிருந்து உன் பேச்சையே எடுக்காத மனுஷர், அன்றைக்குச் செய்தித்தாளில் ஒரே பக்கத்தை அரைமணி நேரம் படித்தார்.

மறுநாள் அந்த சேனல் வரவில்லை. வேறொன்றைப் போட்டோம். நீ தாண்டியதும் ஆறு புள்ளி இரண்டு என்று காட்டினான். எனக்குப் பகீரென்றது. நேற்று இருபது, இன்று ஆறா? ஆறடியை இந்த முட்டிவலியோடு நானே தாண்டுவேன். மற்றவர்கள் எவ்வளவு என்று பார்க்கக்கூட அப்பா பொறுக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, "கால்ல அடிபட்டிருக்கு. இல்லன்னா எம்பொண்ணு ஆறோட நிப்பாளா? போனைப் போட்டுக் கேளுடி" என்றார். எம்பொண்ணு என்ற சொல்லை அந்த வாயில் கேட்டு எத்தனை நாளாயிற்று.

நீ போனை எடுக்கவில்லை. அப்பா அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்த நடையில் மாடிவீட்டு நர்ஸே இறங்கி வந்துவிட்டாள். விஷயம் கேட்டுச் சிரித்தாள். "அது மீட்டர்க்கா. அடியில சொன்னா இருபதுக்கும் மேல. நேத்தைவிட இன்னைக்குத்தான் ஜாஸ்தி. ஃபைனலுக்கே போயிட்டா."

அப்பா நம்பவில்லை. என் தையல் டேப்பைப் பிடுங்கி, மீட்டர் பக்கத்தைத் திருப்பி, அடுப்படிச் சுவரிலிருந்து அளக்க ஆரம்பித்தார். கூடம் தாண்டி, வாசற்படி தாண்டித்தான் சாக்பீஸ் கோடு விழுந்தது. அங்கேயே உட்கார்ந்து, "இவ்ளோ தூரமா பறக்குறா?" என்றார். நீங்க பறந்தா எதிர்வீட்டுக் கதவைத்தான் உடைப்பீங்க என்றேன். வழக்கமாக முறைப்பவர், சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல் முடிந்ததும் அவரே உனக்குப் போன் போடுவாராம். எதற்கு என்றால், கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவாம். காலுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும்.

கண்ணு, நீ வழக்கம்போல "நல்லாயிருக்கு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. லேசாக வலிக்கிறது என்று சொல். எங்கே, எப்படி, என்ன மருந்து என்று அவர் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

நல்லா இரு, நல்லாத் தாண்டு.

உன் அம்மா