செங்கோதைமேல் ஓங்கிய வாளை நிறுத்தும் ஓலை

மலைகள் நிலைபெறுக. மாரி பொய்யாதொழிக. பொறைவளநாட்டை ஆளும் மாவேள் ஆதன், எயிற்குன்றக் கோட்டையின் காவல் தலைவர் ஏனாதி கொற்றனார்க்கு விடுக்கும் ஓலை. உம் மதிலும் உம் வீரரும் உம் மனையோரும் நலமுறுக. ஓலை எழுதுவோரை வெளியே நிறுத்திவிட்டு நாமே எழுத்தாணி பிடித்துள்ளோம்; இதில் எழுதப்போவதைப் பிறர் காதில் ஓத நமக்கு வெட்கமாயிருக்கிறது.

உம் ஓலை இன்று உச்சிப்பொழுதில் வந்தது. காந்தள்நாட்டோடு நிகழ்ந்த சதுரங்கப் போரின் கடைசி ஆட்டத்தில் நம் ஆட்டக்காரி செங்கோதை தோற்றாள் என்றும், நள்ளியாற்றங்கரை ஊர்கள் ஏழும் கைவிட்டுப் போயின என்றும், வெல்லும் நிலையிலிருந்த ஆட்டத்தை அவள் பகைவர்க்கு விலைபோய் விட்டுக்கொடுத்தாள் என்றும் எழுதியிருந்தீர். நம் மறுமொழி வாராதாயின், எல்லைக் காவலர்க்குரிய உரிமைப்படி நாளை ஞாயிறு எழும்போது அவள் தலையை வாங்குவீர் என்றும் முடித்திருந்தீர். மறுமொழி இதுவே: அவளைத் தொடாதீர்.

காரணம் கேளும். எல்லை வழக்குகளைப் படையால் தீர்க்காமல் பலகையில் தீர்ப்பதென்று இரு நாட்டு முன்னோரும் உடன்பட்டனர். நாளுக்கு ஓர் ஆட்டமாக இருபத்தோர் ஆட்டம். இரு பக்கத்தாருக்கும் மும்மூன்று வெற்றிலை உண்டு. பலகைமேல் ஒன்றை வைத்தால் அன்று ஆட்டமில்லை, ஆடுவோர் இளைப்பாறலாம். நம் நாட்டார் ஐந்து தலைமுறையாக அந்த வெற்றிலையைத் தொட்டதில்லை. அதைப் பெருமையென்று மெய்க்கீர்த்தியிலும் பொறித்தோம். மன்னன் இசைவின்றி வைக்கலாகாது என்று விதியும் செய்தோம். இளைப்பாறுவதை இழுக்கென்று எண்ணிய மூடர் உலகில் நாம் ஒருவரே.

செங்கோதை நம்மிடம் மூன்று முறை இசைவு வேண்டினாள். ஒன்பதாம் நாள், கண்ணை மூடினாலும் பலகை அகல மறுக்கிறது என்று எழுதினாள். நாம் சிரித்தோம். பதினான்காம் நாள், உண்ட சோறு உப்பா புளிப்பா என்று தெரியவில்லை, பணிப்பெண்ணின் பெயர் மறந்துபோகிறது என்று எழுதினாள். உட்கார்ந்தே இருப்பவளுக்கு என்ன களைப்பு என்று அவையில் கேட்டோம், அவையும் சிரித்தது. பத்தொன்பதாம் நாள், காய்கள் எங்கே நிற்கின்றன என்பது தெரிகிறது, ஏன் நிற்கின்றன என்பது தெரியவில்லை, ஒரு பகல் உறங்கினால் தெளிவேன் என்று எழுதினாள். அதற்கு நாம் செய்தது என்ன தெரியுமா? அவள் கை தளராதிருக்கட்டும் என்று, நல்ல ஆட்டக்காரர் நால்வரை அவள் பாசறைக்கு அனுப்பி, நாள்தோறும் போர் ஆட்டம் முடிந்தபின் மாலையில் பயிற்சியாட்டம் ஆடுவிக்கச் சொன்னோம். உறக்கம் கேட்டவளுக்கு மேலும் ஆட்டம் கொடுத்தோம்.

காந்தள்நாட்டு ஆட்டக்காரர் நாகங்கீரனாரோ மூன்று வெற்றிலையையும் வைத்தார். அந்நாள்களில் அவர் மருத நிழலில் குறட்டைவிட்டு உறங்கியதையும், ஆற்றில் எருமைபோல் ஊறிக் கிடந்ததையும் எள்ளி நீரே எழுதினீர். அதைப் படித்து நாமும் மகிழ்ந்தோம். அவர் உறங்கிய நாளிலும் நம்மவர் பயிற்சியென்று செங்கோதையைப் பலகையைவிட்டு எழவிடவில்லை.

இனி நீர் சொல்லும் குற்றத்துக்கு வருவோம். பத்துக்குப் பத்தென்று நின்ற போரின் கடைசி ஆட்டத்தில், அவள் தன் அரசனைக் காத்துநின்ற தேரை எடுத்து வலக்கோடியில் வைத்தாள், சிறுபிள்ளையும் அப்படி வையாது, ஆகவே அது வஞ்சகம் என்றீர். முந்திய மாலைப் பயிற்சியாட்டத்தின் குறிப்பு உம் ஓலையோடு வந்தது. அந்த ஆட்டம் பாதியில் நின்றிருந்தது. நம் பலகையில் அதை அவ்வண்ணமே அடுக்கிப் பார்த்தோம். ஏனாதியாரே, அந்தப் பலகையில் தேரை வலக்கோடியில் வைத்தால் எதிரி அரசன் அக்கணமே வீழ்கிறான். அதைவிடச் சிறந்த நகர்வு அங்கு இல்லை. அவள் தவறாக ஆடவில்லை. எந்தப் பலகைமுன் இருக்கிறோம் என்பதை மறந்துபோனாள். மறக்கும்படி செய்தவர் நாம். நெடுநேரம் அந்தப் பலகையைவிட்டு நம்மால் எழ முடியவில்லை.

ஆகவே, ஓலை கண்டவுடன் சிறையைத் திறப்பீராக. அவள் உறங்கினால் எவரும் எழுப்ப வேண்டா. மருத்துவரும் வாயிலில் காத்திருக்கட்டும். சதுரங்கப் பலகை அவள் கண்ணில் படலாகாது. ஏழூரையும் பூசலின்றி ஒப்படைப்பீராக. பயிற்சிக்குச் சென்ற நால்வர்மேல் குற்றமில்லை; ஏவியதைச் செய்தார்கள். வெற்றிலைக்கு மன்னன் இசைவு வேண்டும் என்ற விதி இன்றோடு ஒழிந்தது.

தூதன் வழியில் மூன்று குதிரை மாறுவான். ஆயினும் அவன் இடையில் கடக்கவேண்டிய வெள்ளியாற்றில் பெருக்கென்று கேள்விப்படுகிறோம். இவ்வோலை சேருமுன் வாள் வீழ்ந்திருக்குமாயின், வாள் பிடித்தவனைப் பழியாதீர். உம்மையும் நாம் பழியோம். சந்தை கூடும் நாளில், செங்கோதை குற்றமற்றவள், அவளைக் கொன்றவன் மாவேள் ஆதன் என்று நம் பட்டப்பெயர் எதுவும் சேர்க்காமல் பறையறைவிப்பீராக. அவளுக்கு ஒரு மகள் உண்டென்று அறிவோம். அவளிடம் மட்டும் எவரும் சொல்ல வேண்டா. நாமே வந்து அவள் முன் நின்று சொல்வோம்.

இது நம் ஆணை. இது நம் முத்திரை.