முன் சீட்டும் உன் மாமனாரும்

நாகலூர்

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் பனி இறங்கினால் முனகுகிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் பேரன் மித்ரனும் அந்தக் குளிர் ஊரில் சளி, இருமல் அண்டாமல் இருக்கவேண்டும் என்று மலைச்சாமி சேர்வராயனைக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். காவேரி அக்காவின் மகன் சதீஷ் டொராண்டோவுக்கு வருகிறான், அவன் கையில் காப்பித்தூளும் மிளகும் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதம் காப்பித்தூள் பைக்குள் இருக்கும். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். போன தடவை போனில் நீ அழுதாய், நான் கத்தினேன், நடுவில் சிக்னலும் போய்விட்டது. அதன் பிறகு நீயும் மித்ரனிடம் போனைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறாய், எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் ஆற அமர எழுதுகிறேன், நீயும் பாதியில் நிறுத்தாமல் கடைசிவரை படி.

அன்றைக்கு நடந்ததை உன் மாமியார் சொல்லித்தான் நீ கேட்டிருக்கிறாய். சம்பந்தி என்றுகூடப் பார்க்காமல் நாலு பேர் நடுவில் வண்டியைவிட்டு இறக்கிவிட்டாள் என்று அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, இறக்கித்தான் விட்டேன். ஆனால் முன்னும் பின்னும் நடந்ததை யாரும் உனக்குச் சொல்லவில்லை. மித்ரனின் காதுகுத்துக்கு நாள் பேச உன் மாமனாரும் மாமியாரும் சேலத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, நான் ரோலர் கோஸ்டர் ஓட்டுகிற பார்க்கில் கூட்டம், எனக்கு லீவு கிடையாது. விடியற்காலையிலேயே நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துவிட்டு டியூட்டிக்கு வந்தேன், மதியம் வந்து பரிமாறுவதாக ஏற்பாடு. அவர்களோ முதலில் பார்க்குக்கே வந்துவிட்டார்கள், அப்பாவும் கூட இருந்தார். உன் மாமனார் ரோலர் கோஸ்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றவர், பேரன் போன்ல எந்நேரமும் இந்த வண்டியப் பத்தியேதான் பேசறான், நானும் ஒருக்கா ஏறிப் பாத்துட்டு அவங்கிட்ட சொல்லோணுங்க என்றார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

அங்கேதான் நான் தவறினேன். வாசலில் ஒரு மாதிரி சீட் வைத்திருக்கிறோம், உடம்பு கொஞ்சம் பெருத்தவர்கள் வந்தால் வரிசையில் நிற்கும் முன்பே அதில் உட்காரச் சொல்லி, மடியில் இறங்கும் இரும்பு பார் சரியாக இறங்குகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புவோம். அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் சம்பந்தியை எப்படி அதில் உட்கார்ந்து காட்டுங்கள் என்று சொல்வது? நேராகக் கூட்டிக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். கல்யாணப் பந்தியில் முதல் இலை போடுகிற புத்தி, வேறென்ன. அந்த வண்டியில் முதல் வரிசைதான் இருப்பதிலேயே ஒடுக்கம், அது எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தும் வைத்தேன்.

ஆண்களுக்கு என்னோடு வேலை செய்கிற செபாஸ்டின்தான் பார் இறக்கிவிடுவான், நான் பொத்தான் பலகையில் நிற்பேன். உன் மாமனார் இடுப்பில் அந்த அகலப் பச்சை பெல்ட், அதன் பைகளில் போன், சாவிக்கொத்து, வெற்றிலைப் பொட்டலம், அதற்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. பார் அதன்மேல் வந்து நின்றுவிட்டது. என் பலகையில் எல்லா சீட்டுக்கும் பச்சை எரிகிறது, அவர் சீட்டுக்கு மட்டும் சிவப்பு. பின்னால் காலேஜ் பையன்கள் விசிலடித்தார்கள், ஒருவன் மூச்ச இழுத்துப் புடிங்க பெருசு என்றான். அவரும் மானத்துக்குப் பயந்து மூச்சை இழுத்து வயிற்றை எக்கினார், பார் ஒரு பல் இறங்கி மாட்டிக்கொண்டது, பச்சை எரிந்துவிட்டது.

கவி, நீ போனில் கேட்டாயே, ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியிருக்கக் கூடாதா என்று. அனுப்பியிருக்கலாம். பச்சை எரிந்தபின் பொத்தானை அமுக்கினால் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது. ஆனால் பார் தொடையில் உட்காரவில்லை, வயிற்றின்மேலும் பெல்ட்டின்மேலும் உட்கார்ந்திருந்தது. மேட்டில் ஏறி வண்டி சரியும்போது உடம்பு சீட்டைவிட்டு எழும்பப் பார்க்கும், அப்போது தொடையோடு அழுத்திப் பிடிக்கிற பார்தான் ஆளை இருத்தும். வயிறு அமுங்கிக் கொடுத்தால் பாருக்கும் ஆளுக்கும் நடுவே சந்து விழுந்துவிடும். இது எடை சமாச்சாரம் இல்லை. எங்கள் கேண்டீன் சாந்தாமேரி உன் மாமனாரைவிடக் கனம், ஆனால் ஆள் உயரம், கனம் பரவலாக இருக்கிறது, அவளுக்கு எந்த வரிசையிலும் பார் இறங்கும். உன் மாமனாருக்கு எல்லாம் முன்னால்தானே.

அண்ணா, கொஞ்சம் எறங்கிக்கோங்க என்றேன். பச்சைதான் எரியுதுங்களே என்றார். எரியுதுங்க, ஆனா பார் சரியா உக்காரலீங்க, நடுப்பெட்டியில உங்களுக்குன்னே நல்ல சீட் இருக்குதுங்க என்றேன். உண்மையிலேயே நடுப்பெட்டியில் இரண்டு சீட் அகலமாகவே செய்திருக்கிறார்கள், பாரின் வளைவும் பெரிது, சீட் பெல்ட்டும் நீளம், பெரிய உடம்புக்காரர்களும் பயமில்லாமல் போகவேண்டும் என்றுதான். ஆனால் முன்னால் உட்கார வைத்துவிட்டு நடுவில் போ என்றால் அவருக்கு எப்படி இருக்கும், போட்ட இலையிலிருந்து எழுப்பிய மாதிரிதானே. என்னையப் பின்னால போகச் சொல்றீங்களாக்கும் என்று மட்டும் கேட்டார். எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், நேராகக் காருக்குப் போய்விட்டார். அப்பா காரோடு ஓடியும் பார்த்தார். ஊட்டுக்கு வந்து கை நனைக்காமல், காதுகுத்துக்கு எங்களை எதிர்பாக்காதீங்க என்று சொல்லிவிட்டு மலை இறங்கிவிட்டார்கள். அந்தக் குழம்பை நாங்கள் இரண்டு பேரும் தொடவே இல்லை, கடைசியில் காவேரி அக்கா வீட்டுக்குக் கொடுத்தேன். தாத்தா முன்னால் நிற்காமல் பிள்ளைக்குக் காது குத்துவதா என்று நீ அழுதது என் காதிலேயே நின்றது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் திரும்ப அதே சீட்டில் அவர் உட்கார்ந்தாலும் இறக்கித்தான் விட்டிருப்பேன், அதில் எனக்கு மாற்றமில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் புதன்கிழமை கடும் மூடுபனி, பார்க்கில் ஆளே இல்லை, நானும் செபாஸ்டினும் தண்டவாளத்தில் விழுந்த சில்வர் ஓக் இலையைக் கூட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் உன் மாமனார் நிற்கிறார், தனியாக, பஸ்ஸில் வந்திருக்கிறார், பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, பெல்ட் இல்லாமல்! விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வாங்கண்ணா என்றேன். அவராகவே சொன்னார். மண்டியில ஒரு லாரிக்கு வெல்ல மூட்டை ஏத்துனோமுங்க, லோடு ஏத்தற பையன் கயித்த மூட்டைமேலயே இறுக்கிக் கட்டுனான், சரக்கு அமுங்குனா தொளதொளன்னு போயிருமுன்னு அவன நான் வைஞ்சேன், வைஞ்சுட்டுத் திரும்பறேன், அன்னிக்கு நீங்க சொன்னதும் இதுதானேன்னு நெனப்பு வந்துருச்சுங்க என்றார். நான் கேட்பதற்கு முன்பே வாசலில் இருந்த மாதிரி சீட்டில் போய் உட்கார்ந்து, போடுங்க பாக்கலாம் என்று செபாஸ்டினைக் கூப்பிட்டார்.

நடுப்பெட்டியில் உட்கார வைத்தோம். பார் வயிற்றைத் தாண்டி இறங்கித் தொடையில் பதிந்தது, மூச்சை இழுக்க வேண்டியிருக்கவில்லை. செபாஸ்டின் இழுத்துப் பார்த்தான், இன்னொருக்கா இழுத்துப் பாரு தம்பி என்றார் அவரே. பச்சை எரிந்தது, நானும் ஒரு முறை நடந்துபோய் என் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் அமுக்கினேன். வண்டி பனிக்குள் போய்விட்டது, ஆள் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது, அம்மோவ் அம்மோவ் என்று. திரும்பி வந்து நின்றபோது தலைமுடியெல்லாம் குத்திட்டு நிற்கிறது, கண்ணில் தண்ணீர், சிரிப்பை அடக்கமுடியவில்லை. இன்னொரு சுத்து உடுங்க என்றார், விட்டேன்.

மதியம் ஊட்டுக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்து ரசமும் அவரைக்காய்ப் பொரியலும்தான், வெட்கமாக இருந்தது, அவரோ ரசத்தைக் கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டார். நான் வந்தத வெள்ளையம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க, நானே நேரம் பாத்துச் சொல்லிக்கறேன் என்றார், உன் மாமியாருக்கு இன்னும் தெரியாது, அதனாலும்தான் இது கடிதமாக வருகிறது, நீயும் மூச்சு விடாதே. கை கழுவ எழுந்தவர் நின்று சொன்னார், காதுகுத்துக்கு மொத வண்டியே எங்குளுதுதானுங்க சம்பந்தியம்மா. மித்ரன் வந்தான்னா அந்தக் கோஸ்டர்ல அவன நீங்களே ஏத்தி உடுங்க, வேற ஆருகிட்டயும் உடாதீங்க. அவன் அழுதாலும் செரி, பக்கத்துல நின்னு நானே சிபாரிசு பண்ணுனாலும் செரி, உசர அளவு பத்தலைன்னா எறக்கி உட்டுருங்க என்றார். நான் சரிங்கண்ணா என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நன்றாக அழுதேன் கண்ணு.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். மித்ரனுக்குக் குளிர்ந்த பால் கொடுக்காதே, மிளகைத் தட்டிப் போட்டுக் காய்ச்சிக் கொடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். காதுகுத்துக்கு அங்கிருந்து கிளம்புவதற்கு முன் மித்ரனைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி அளந்து எனக்குச் சொல். முடியையும் சேர்த்து அளக்காதே, காதுகுத்தில் மொட்டை போட்ட பிறகுதான் அவனைக் கோஸ்டர் வாசலில் உயரம் பார்க்கிற கோட்டருகே நிறுத்துவேன், அவன் தாத்தா பக்கத்திலேயே நிற்பார்.

அன்புடன்,
உன் அம்மா
மல்லிகா தங்கராஜ்