எனக்குப் பதில் சொன்ன ‘உள்ளேன்’

11-4-83, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். மலைப்பக்கம் மேகம், ஊருக்குள் சொட்டு மழை இல்லை. தீயணைப்பு வண்டி கழுவல், ஏணிக்கு வர்ணம். வாங்க வேண்டியது: பூட்ஸ் பாலிஷ், கறுப்புத் துணி அரை மீட்டர், வீட்டுக்கு வெல்லம், மாங்காய்.

வியாழக்கிழமை நீத்தார் நினைவு நாள். சித்திரை ஒன்றும் அன்றைக்கே. பணியில் செத்த தீயணைப்புக்காரர்களுக்கு நிலையத்தில் மௌனம், வீட்டில் பாயசம். நிலைய அதிகாரி புதுசு, வந்து ஆறு மாதம்தான். தொண்டை கட்டியிருக்கிறதாம், பெயர்ப் பட்டியலை நான் வாசிக்க வேண்டுமாம். சரி என்றுவிட்டேன். நாக்கில் சனி.

12-4, செவ்வாய்
பட்டியல் வந்தது. மூன்று பெயர். என்னோடு வேலை பார்த்த செல்லப்பாண்டி பெயர் இல்லை. இருக்காது என்று தெரியும். இருந்தும் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன்.

யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன், மாசி மாதம். ராசிங்காபுரத்தில் மச்சினன் வீட்டுக் கிடாவெட்டு. எனக்கு லீவு கிடைக்கவில்லை. செல்லப்பாண்டிக்கு அன்று லீவு. “நீ போய்க் கறி தின்னுட்டு வாடா மாப்ளே, ஒன் சோலிய நான் பாத்துக்கிறேன்” என்றான். காலை வரிசையில் என் பெயரைக் கூப்பிட்டபோது ‘உள்ளேன்’ சொன்னது அவன். மதியம் குரங்கணியில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் தீ. கூரை அவன் மேல் இறங்கியது. நான் அப்போது எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பதிவேட்டில் வேலைக்கு வந்தவன் நான். லீவில் இருந்தவன் தானாகப் போய்ச் செத்தான் என்று முடித்தார்கள். என் வேலை போய்விடும் என்று கூட இருந்தவர்கள் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

13-4, புதன்
தூக்கம் இல்லை. காலை வரிசையில் என் பெயர். நான் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து ‘உள்ளேன்’. மூன்று வருடமாகக் கேட்கிறது, இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. திரும்பினால் சுவர்.

கடைவீதியில் பேச்சியம்மாள், செல்லப்பாண்டி மனைவி. ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குச் சிலமலையிலிருந்து தினம் வருகிறாள். நாளைக்கு நிலையத்துக்கு வா என்றேன். கூப்பிடாத எடத்துக்கு எதுக்குண்ணே என்றாள். நான் கூப்பிடுகிறேன் என்றேன். அவள் சேலையெல்லாம் ஏலக்காய் வாசம். எனக்கு அது கருகல் வாசம். மூச்சை அடக்கிக்கொண்டுதான் பேசினேன்.

வீட்டில் எதுவும் சொல்லவில்லை. மனைவி நாளைய பச்சடிக்கு வேப்பம்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். பயமாக இருக்கிறது.

14-4, வியாழன்
எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். கொடி அரைக்கம்பத்தில். மூன்று பெயரையும் வாசித்தேன். நான்காவதாகச் செல்லப்பாண்டி என்றேன். அதிகாரி திரும்பிப் பார்த்தார். அன்று வேலைக்கு வர வேண்டியவன் நான், எனக்குப் பதில் போனவன் அவன் என்பதையும் எல்லார் முன்னாலும் சொன்னேன். பிறகு இரண்டு நிமிட மௌனம். யாரோ இருமினார்கள்.

எழுதிக் கொடு என்றார் அதிகாரி. கொடுத்தேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாமாம். எதிர்பார்த்ததுதான். பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன், அது மட்டும் நடக்கவில்லை.

வாசலில் பேச்சியம்மாள். காலில் விழுந்துவிடலாம் என்றுதான் போனேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தபடி சொன்னாள்.

“லீவு நாள்ல ஒன்ன யாரு தீக்குள்ள போகச் சொன்னான்னு, மூணு வருசமா அந்த மனுசனத்தான் வஞ்சுக்கிட்டு இருக்கேன். திவசத்துக்குச் சோறு வச்சப்பக்கூட வஞ்சேன்.”

இன்றைக்கு அவள் பேச்சில் ஒரு ‘அண்ணே’கூட இல்லை. சிலமலை பஸ்சு வந்தது, ஏறிப் போய்விட்டாள்.