நடுச்சுவர் வேண்டாம்

சாந்தோம்,
12-3-1946

அன்புள்ள நோராவுக்கு,

தேவமாதா காவலில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம் வீட்டைத் திருத்திக் கட்டும் செலவுத் திட்டம் இன்னும் வரவில்லையே என்று கேட்டிருந்தாய். வலது கையில் சிறு காயம். பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன்.

நான் மேஸ்திரியாக வேலை பார்க்கும் வீட்டில் ரங்கன், பக்கிரி என்ற அண்ணன் தம்பிகள் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பச் சொன்னார்கள். போன வாரம் திங்களன்று பக்கிரி வந்து பார்த்தான். "இன்னா மேஸ்திரி, கண்ணு தெரியலயா? என் பக்கம் ஒரு ஜாண் ஏறிக்கீதே!" என்று கடப்பாரையால் சுவரை இடித்தான். தடுக்க வந்த அண்ணன் தலையிலும் இறக்கினான். மறுபடி ஓங்கியபோது நான் குறுக்கே கையை நீட்டினேன். இரண்டு விரல் நசுங்கியது, ஆறிவிடும். ரங்கன் அங்கேயே இறந்துபோனான். போலீஸ் வரும்வரை பக்கிரி, "எழுந்துரு அண்ணே, எழுந்துரு" என்று அவனை உலுக்கிக்கொண்டே இருந்தான்.

தம்பி ஹென்றிக்கும் நமக்கும் இடையே போட நினைத்த சுவரைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டேன். அந்தச் செங்கல்லில் அடுப்படியைப் பெரிதாக்குவோம், இரு குடும்பமும் சேர்ந்தே சமைக்கலாம். இதை அவனிடம் நீயே சொல். முடிந்தால் அவனைச் சில நாள் இங்கே அனுப்பி வை, எனக்குச் சட்டைப் பொத்தான் போட ஆளில்லை.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உன்
பிரகாசம்